எட்டடிச் செடித்தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக்குள் மிகப் பெரிய நன்னீர்ச் செடித்தொட்டி, அதாவது நீர்ச்செடிகளும் மீன்களும் வளரும் கண்ணாடித் தொட்டி, அமைக்க விரும்புவோர் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒரே வகையானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை சொல்வதைவிட ஓரிடத்தில் தொகுத்து வைப்பது நல்லது என்று தோன்றியதால் இந்தத் தொகுப்பு. கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. தமிழ்நாட்டுத் தண்ணீரையும் வெயிலையும் மின்வெட்டையும் மனத்தில் வைத்து விடைகள் எழுதப்பட்டுள்ளன.

1. மிகப் பெரிய தொட்டி என்கிறீர்களே, எவ்வளவு பெரியது?

இங்கே 8 அடி நீளம், 3 அடி அகலம், 2.5 அடி உயரம் கொண்ட தொட்டியை வைத்தே எல்லாக் கணக்குகளும் சொல்லப்படுகின்றன. வெளி அளவை அப்படியே பெருக்கினால் 1,700 லிட்டர் வரும். கண்ணாடியின் தடிப்பு, மேலே விடும் இடைவெளி, அடிமண், கல், கட்டை எல்லாவற்றையும் கழித்தால் உண்மையில் நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 1,400 லிட்டர்தான். மருந்தானாலும் உரமானாலும் இந்த இரண்டாவது எண்ணுக்கே அளக்க வேண்டும். முதல் எண்ணுக்கு அளந்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் போய்விடும்.

இதைவிடப் பெரியவை இல்லாமல் இல்லை. ஜப்பானியக் கலைஞர் தகாஷி அமானோ 2015இல் லிஸ்பன் ஓஷனேரியத்தில் அமைத்த செடித்தொட்டி 40 மீட்டர் நீளமும் 1,60,000 லிட்டர் கொள்ளளவும் உடையது. அதைப் பராமரிக்க ஊழியர்கள் இருக்கிறார்கள். நம் தொட்டியில் அந்த வேலை முழுவதும் வீட்டில் உள்ள ஒருவர் தலையில்தான் விழும் என்பதை இப்போதே எண்ணிப் பார்ப்பது நல்லது.

2. சின்னத் தொட்டியைவிடப் பெரிய தொட்டியைப் பராமரிப்பது சுலபம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. தண்ணீர் அதிகமாக இருப்பதால் வெப்பநிலையும் வேதியியலும் மெதுவாகவே மாறும்; ஒரு மீன் இறந்து ஒரு நாள் கவனிக்காமல் கிடந்தாலும் தொட்டி முழுவதும் கெட்டுவிடாது. ஆனால் கண்ணாடி, தளம், குழாய், வடிகால் ஆகியவற்றில் நேரும் பிழை நாளாக நாளாகத்தான் வெளிப்படும். தண்ணீர் நிரப்பிய பிறகு அதைத் திருத்துவது, தொட்டியைக் காலி செய்து மறுபடி அமைப்பதற்கு ஒப்பானது. ஆகவே செலவையும் சிந்தனையையும் மீன் வாங்குவதில் அல்ல, தண்ணீர் ஊற்றுவதற்கு முந்தைய வேலைகளில்தான் கொட்ட வேண்டும். கீழே உள்ள விடைகளும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

3. எங்கள் வீடு இரண்டாவது மாடி. தளம் தாங்குமா?

தண்ணீர், கண்ணாடி, அடிமண், கற்கள், இரும்புத் தாங்கி, கீழே உள்ள சம்ப் (தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி) எல்லாம் சேர்ந்து இந்தத் தொட்டி 2.3 டன் அளவில் இருக்கும். அது நிற்கும் பரப்பு 2.2 சதுர மீட்டர். அதாவது சதுர மீட்டருக்கு ஆயிரம் கிலோவுக்கு மேல். இந்தியக் கட்டட விதிமுறைப்படி குடியிருப்பு அறைகளின் தளத்துக்குக் கணக்கில் எடுக்கப்படும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ மட்டுமே. அந்தக் கணக்கு அறை முழுவதற்கும் சராசரியாகப் போடப்பட்டது என்பதும், உத்தரத்தின் மேலோ சுமை தாங்கும் சுவரை ஒட்டியோ வைத்தால் நிலைமை மேம்படும் என்பதும் சரிதான். ஆயினும் ஐந்து மடங்கு வித்தியாசத்தை ஊகத்தால் கடக்கக் கூடாது.

தரைத்தளத்தில், மண் மேல் நேரடியாகப் போட்ட தரையில் வைப்பது எல்லாவற்றிலும் பாதுகாப்பானது. மாடியில்தான் வைக்க வேண்டும் என்றால், கட்டட வரைபடத்தோடு ஒரு கட்டமைப்புப் பொறியாளரைப் பார்த்து எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். மேஸ்திரி காலால் தட்டிப் பார்த்து "ஒண்ணும் ஆகாது சார்" என்று சொல்வது ஒப்புதல் ஆகாது.

4. கண்ணாடி எத்தனை மில்லிமீட்டர் போட வேண்டும்? கடையில் கட்டி வாங்கலாமா?

கண்ணாடியின் தடிப்பை முதன்மையாக முடிவு செய்வது தண்ணீரின் உயரம், நீளம் அடுத்தது. 2.5 அடி உயரத்துக்கு, மேல் விளிம்பைச் சுற்றிலும் கண்ணாடிப் பட்டை ஒட்டினால் 15 மி.மீ., பட்டை இல்லாமல் திறந்த விளிம்பு வேண்டும் என்றால் 19 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். 12 மி.மீ. போதும் என்று விலையைக் குறைத்துச் சொல்பவரிடம் இந்த அளவுத் தொட்டியைக் கொடுக்க வேண்டாம். குழாய்த் துளைகளைக் கண்ணாடி வெட்டும்போதே போட்டுவிட வேண்டும். டஃபன்டு கண்ணாடியில் பிறகு துளையிட முடியாது, முயன்றால் முழுப் பலகையும் தூள்தூளாகும்.

15 மி.மீ. கண்ணாடியில் வெறும் தொட்டியே 270 கிலோ அளவு இருக்கும் என்பதால் படிக்கட்டிலும் வாசற்படியிலும் அதைத் திருப்புவது கடினம். பலகைகளாகக் கொண்டுவந்து இருக்கும் இடத்திலேயே ஒட்டுவதுதான் வழக்கம். ஒட்டி முடிந்ததும் மூலைகளில் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புச் சிலிக்கானாக இருந்தாலும் கண்ணாடியோடு ஒட்டாத இடம் வெள்ளி போல மினுங்கும். அந்த மினுக்கம் பலகையின் உள்விளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை நீண்டிருந்தால் அந்த மூலையைப் பிரித்து மறுபடி ஒட்டச் சொல்ல வேண்டும். சிலிக்கானின் காடி (வினிகர்) வாசம் முற்றிலும் அடங்க ஒரு வாரமாவது விட்டு, பிறகு நிரப்பிச் சில நாள் வெறும் தண்ணீரோடு நிறுத்திச் சோதியுங்கள். இரசமட்டம் வைத்துத் தாங்கியைச் சமன் செய்வது இதற்கெல்லாம் முந்தைய வேலை.

5. உயரம் 3 அடி வைத்தால் கம்பீரமாக இருக்குமே?

இருக்கும், ஆனால் செடித்தொட்டிக்கு உகந்ததல்ல. அடிமண்ணில் கை எட்ட வேண்டும். சராசரி மனிதரின் கை இரண்டடிக்கு மேல் போகாது. தரைச்செடிக்குப் போதிய வெளிச்சம் அடிவரை இறங்க வேண்டும் என்றால் விளக்கின் திறனைக் கூட்ட வேண்டும். கூட்டினால் மேலே உள்ள இலைகளில் பாசி பிடிக்கும். கண்ணாடியின் விலையும் தாவும். கூடுதல் பணம் இருந்தால் அகலத்தில் போடுங்கள். 3 அடி அகலத்தில் கிடைக்கும் ஆழத் தோற்றம் உயரத்தால் கிடைப்பதில்லை.

6. அடியில் ஆற்று மணல் போதுமா? அந்த விலையுயர்ந்த மண் வேண்டுமா?

பரப்பு முழுவதும் சராசரியாக 8 செ.மீ. போட்டாலே 180 லிட்டர் அடிமண் வேண்டும். 9 லிட்டர்ப் பையாக விற்கும் அக்வா சாயில் (செடித்தொட்டிக்கென்றே தயாரித்த சத்து மண்) என்றால் இருபது பை. பின்பக்க மேடுகளை எரிமலைக்கல் நிரப்பிய வலைப்பைகளால் உயர்த்தி, வேர் பரப்பும் செடிகள் வரும் இடங்களில் மட்டும் அக்வா சாயிலையும் முன்பக்கத்தில் மணலையும் போட்டால் செலவு பாதியாகக் குறையும், தோற்றமும் கெடாது.

மணலில் கவனிக்க வேண்டியது சுண்ணாம்பு. ஒரு கைப்பிடி மணலைக் காயவைத்து அதன் மேல் காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றுங்கள். நுரைத்தால் சிப்பித் துகள் கலந்திருக்கிறது, தண்ணீரின் கடினத்தன்மை ஏறிக்கொண்டே இருக்கும். கல்லுக்கும் இதே சோதனைதான். எம்-சாண்ட் எனப்படும் உடைத்த மணலின் முனைகள் கூரானவை. அடியில் மோந்து மேயும் கோரிடோரஸ் போன்ற மீன்களின் மீசை தேய்ந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

7. எங்களுக்குப் போர் தண்ணீர்தான். டி.டி.எஸ். 1,200 காட்டுகிறது. சாஃப்ட்னர் வைத்தால் சரியாகுமா?

ஆகாது. வீட்டு சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு அதற்கு ஈடாகச் சோடியத்தை விடுகிறது. சோப்பு நுரைக்கும், டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்புகளின் மொத்த அளவு குறையாது, செடிகளுக்குத் தேவையான கால்சியமும் போய்விடும். ஆர்.ஓ. நீரோடு கலப்பதே வழி. ஒரு பங்கு போர் தண்ணீருக்கு நான்கு பங்கு ஆர்.ஓ. நீர் கலந்தால் டி.டி.எஸ். 250 அளவில் நிற்கும். பெரும்பாலான செடிகளுக்கும் மீன்களுக்கும் அது போதுமானது. ஆர்.ஓ. நீரை மட்டும் ஊற்றக் கூடாது; கார்பனேட் சிறிதும் இல்லாத தண்ணீரில் பி.எச். எனும் அமில-கார அளவு நிலைத்து நிற்காது.

மாடியில் விழும் மழைநீரும் மென்னீர்தான். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் அமைப்பு பல வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. பருவத்தின் முதல் மழைகளை விட்டுவிட்டு, மாடியைக் கழுவிய பின் பெய்வதைப் பிடித்து மூடிய தொட்டியில் வைத்தால் ஆர்.ஓ. வீணாக்கும் கழிவுநீர் மிச்சம். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரினை முறிக்க வேண்டும்; ஹைப்போ எனப்படும் சோடியம் தயோசல்பேட் அதற்குப் போதும்.

8. கேனிஸ்டரா, சம்ப்பா?

கேனிஸ்டர் என்பது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய வடிகட்டி. இந்த அளவுக்குச் சம்ப்தான். மணிக்கு 6,000 முதல் 8,000 லிட்டர் வரை சுற்றும் ஒரு மோட்டாரும், வடிகுழாய் அடைத்துக்கொண்டால் உதவ இரண்டாவது வடிகுழாயும் வையுங்கள். சம்ப்பில் தண்ணீர் விழும்போது கரியமில வாயு வெளியேறும் என்று செடிப் பிரியர்கள் குறை சொல்வது உண்டு. வடிகுழாயை நீருக்குள் மூழ்கவிட்டு, சம்ப்பின் முதல் அறையை மூடினால் இழப்பு பெரிதும் குறையும்.

ஒரு கணக்கு மிக முக்கியம். இந்தத் தொட்டியில் நீர்மட்டம் ஒரு செ.மீ. இறங்கினால் சுமார் 20 லிட்டர் தண்ணீர் கீழே வரும். மின்சாரம் நின்றவுடன் மேல்தொட்டியின் நீர்மட்டம், தண்ணீர் வடிகுழாய்க்கு வழியும் விளிம்பு வரை இறங்கும். ஏற்றுக்குழாயின் வாய் நீருக்குள் ஆழமாக இருந்தால் அது பின்னோக்கி உறிஞ்சத் தொடங்கும். ஆகவே குழாய் வாயை நீர்ப்பரப்பை ஒட்டியே வைத்து, சம்ப்பில் 100 லிட்டர் இடத்தை எப்போதும் காலியாக விடுங்கள். மீன் வாங்கும் முன் மோட்டாரைப் பலமுறை நிறுத்திப் பார்த்து, சம்ப் வழியவில்லை என்று உறுதி செய்வது நல்லது.

9. கரியமில வாயு இல்லாமல் செடி வளராதா?

வளரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், வாலிஸ்னேரியா ஆகியவை மிதமான வெளிச்சத்தில் வாயு இன்றியே நன்றாக இருக்கும். முன்பக்கத் தரைவிரிப்பும் சிவப்புச் செடிகளும் வேண்டுமானால் சிலிண்டர் வேண்டும். பெரிய தொட்டியில் வாயுவை நுண்குமிழிகளாக்கும் கண்ணாடி டிஃப்யூசர் பயன்படாது. ஏற்றுக்குழாயில் இணைக்கும் ரியாக்டர்தான் வாயுவை முழுவதும் கரைக்கும். விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு திறந்து, அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி சோலனாய்டு வால்வை டைமரில் வையுங்கள். இலக்கு லிட்டருக்கு 30 மி.கி.; 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள கரைசல் ஊற்றிய டிராப் செக்கர் (வாயுவின் அளவை நிறத்தால் காட்டும் சிறு குப்பி) அப்போது இளம்பச்சையாகத் தெரியும். நீலம் குறைவு, மஞ்சள் அபாயம்.

சிலிண்டரைச் செங்குத்தாக நிறுத்திச் சங்கிலியால் கட்டுங்கள். ஏ.சி. ஓடும் மூடிய படுக்கையறையில் சிலிண்டர் வைக்க வேண்டாம். கசிந்தால் மனிதருக்கும் ஆபத்து.

10. விளக்கு எத்தனை மணி நேரம்? பாசியாகப் பிடிக்கிறது.

முதல் இரண்டு மாதம் ஆறு மணி நேரம், பிறகு எட்டு. பாசி பெரும்பாலும் வெளிச்சம் மிகுந்து வாயுவும் உரமும் அதற்கு ஈடுகொடுக்காத நிலையின் அடையாளம். உரத்தை நிறுத்தினால் பாசி போகும் என்பது தவறான நம்பிக்கை. செடிதான் முதலில் வாடும்.

உரத்தை மீன் கடையில் சிறு புட்டிகளில் வாங்கினால் இந்தத் தொட்டிக்குக் கட்டுப்படியாகாது. விவசாய உரக்கடையில் கிடைக்கும் 13-0-45 என்பது பொட்டாசியம் நைட்ரேட். 0-52-34 என்பது மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். நம் 1,400 லிட்டரில் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 மி.கி. உயர்த்த 13-0-45 சுமார் 23 கிராம் போதும். 19-19-19 பையை மட்டும் தொட வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனிய வகை நைட்ரஜனும் கலந்திருக்கும். இரும்பு உள்ளிட்ட நுண்சத்துகளைத் தனியே இட வேண்டும்.

11. எந்தச் செடிகளை வாங்கலாம்? நம் பக்கத்துச் செடிகள் உண்டா?

தாராளமாக உண்டு. உலகமெங்கும் விற்கும் கிரிப்டோகோரைன் வென்டியை, பெக்கெட்டியை இரண்டும் இலங்கையின் ஓடைச் செடிகள். சிவப்பு இலையுடைய ரோட்டாலா மக்ரான்ட்ரா தென்னிந்தியாவைச் சேர்ந்தது. அப்போனோஜெட்டான் கிரிஸ்பஸ் இரண்டு இடங்களிலும் வளர்வது. வல்லாரையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளப்படும் நீர்ப்பிரமி, பக்கோப்பா மொன்னியரி என்ற பெயரில் செடிக்கடையில் விலை போகிறது.

பெரிய தொட்டியில் வகைகளைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுங்கள். ஐம்பது வகைகளில் இரண்டிரண்டு நட்டால் நாற்றங்கால் போலத்தான் தெரியும். தொடக்கத்திலேயே அடர்த்தியாக நடுவது பாசிக்கு எதிரான முதல் தற்காப்பு. நட்ட சில வாரங்களில் கிரிப்டோகோரைன் இலைகள் கூழாகக் கரைந்தால் பிடுங்க வேண்டாம். வேர் உயிரோடிருக்கும், புது இலை வரும்.

12. செடி நட்டாயிற்று. மீன் எப்போது விடலாம்?

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் நிலைகொள்ள நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அக்வா சாயில் தொடக்கத்தில் தானே அம்மோனியா விடும் என்பதால் தனியாகச் சேர்க்கத் தேவையில்லை. அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் சோதனையில் தொடர்ந்து பூஜ்யம் காட்டிய பிறகே மீன். நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்.

13. எத்தனை மீன், என்ன மீன்?

மீனின் நீளத்தை வைத்துச் சொல்லும் அங்குலக் கணக்குகளை மறந்துவிடுங்கள். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுப்பதே முதல் வேலை. 7ஆம் கேள்வியில் சொன்னபடி மென்னீர் கலக்க முடிகிறது என்றால், கார்டினல் டெட்ராவோ ரம்மிநோஸ் டெட்ராவோ நூறு மீன் ஒரே கூட்டமாக விடலாம். கார்டினல் அமேசான் பகுதியின் ரியோ நெக்ரோவில், கறுந்தேநீர் நிறமான மென்னீரில் வாழ்வது. ஏஞ்சல் மீன் வளர்ந்தால் சிறு டெட்ராக்களை விழுங்கும்; இரண்டையும் சேர்ப்பவர்கள் டெட்ராக்களை முழு வளர்ச்சியில் வாங்கி, ஏஞ்சலைக் குஞ்சாக விட வேண்டும். அப்போதும் உறுதி இல்லை.

கடினநீர்தான் கிடைக்கும் என்றால் அதோடு போராட வேண்டாம். நியூ கினித் தீவின் மேற்குப் பகுதியில் உள்ள அஜமாரு ஏரிகளைச் சேர்ந்த போஸ்மணி ரெயின்போ மீன், பி.எச். 7.5 முதல் 8 வரை உள்ள தண்ணீரை விரும்புவது. இருபது விட்டால் தொட்டி நிறைந்துவிடும். என் தேர்வு எப்போதும் இதுவே. சென்னைக்காரர்கள் கொளத்தூர்ச் சந்தைக்குப் போகும்போது, ஒரே கடையில் ஒரே கூட்டமாக வாங்கி, தனித்தொட்டியில் மூன்று வாரம் வைத்திருந்து நோயில்லை என்று தெரிந்த பின் சேர்க்க வேண்டும். 1,400 லிட்டருக்கு மருந்து போடுவது வீண் செலவு, அதில் பல மருந்துகள் இறாலையும் நத்தையையும் கொல்லும்.

14. மிஸ் கேரளா விடலாமா? நம் ஊர் மீன்தானே?

மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளில் வாழும் இந்த மீன் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அருகிவரும் இனம். அலங்கார மீன் வணிகத்துக்காக மிகையாகப் பிடித்தது அதற்கு ஒரு காரணம். ஓடையில் பிடித்ததை வாங்கக் கூடாது. பண்ணையில் இனப்பெருக்கம் செய்தது கிடைத்தாலும், வளர்ப்பதில் அனுமதி நிலவரத்தை விசாரித்துக்கொண்டு, குளிர்ந்த, ஓட்டமான தண்ணீரைத் தர முடிந்தால் மட்டுமே எண்ணலாம். சமவெளிக் கோடையில் அது திணறும்.

15. கண்ணாடி சுத்தம் செய்ய டேங்க் கிளீனர் மீன் போடலாமா?

வேண்டாம். அந்தத் தென்னமெரிக்கக் கெளுத்தி ஓரடிக்கு மேல் வளர்ந்து செடிகளைப் பிடுங்கி எறியும். வளர்ந்ததும் ஏரியில் விட்டவர்களால் அது இப்போது நம் நீர்நிலைகளில் பெருகி மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. பாசி தின்னும் ஓட்டோசின்க்ளஸ் என்ற சிறு மீனும் அமானோ இறாலும் போதும். கிளைச் செடிகளை வெட்டிய கழிவையும் ஏரியில் கொட்ட வேண்டாம். ஆகாயத்தாமரையும் அழகுச் செடியாகத்தான் நாடு விட்டு நாடு போனது. வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள்.

16. மே மாதத்தில் தண்ணீர் 33 டிகிரி போகிறது. என்ன செய்வது?

25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.3 மி.கி. ஆக்சிஜனை ஏற்கும் தண்ணீர் 32 டிகிரியில் 7.3 மி.கி. அளவே ஏற்கும். நீர்ப்பரப்பின் மேல் வீசும் மின்விசிறி இரண்டு மூன்று டிகிரி குறைக்கும், ஆனால் கடலோரப் புழுக்கத்தில் அதன் பலன் குறைவு. ஆவியாகும் தண்ணீரை ஆர்.ஓ. நீரால் மட்டுமே ஈடு செய்ய வேண்டும். ஆவியாவது வெறும் நீர், உப்புகள் தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் கோடை முடிவதற்குள் டி.டி.எஸ். எங்கோ போயிருக்கும். விளக்கை இரவு நேரத்துக்கு மாற்றுவது செலவில்லாத உபாயம்.

17. வாரம் 400 லிட்டர் மாற்ற வேண்டுமாமே, வாளியில் முடியுமா?

முடியாது; முடியும் என்று தொடங்கியவர்கள் பிறகு கைவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து தோட்டத்துக்கு ஒரு வடிகுழாயும், கலந்து வைத்த தண்ணீர்த் தொட்டியிலிருந்து சம்ப்புக்கு ஒரு வரவுக்குழாயும் வால்வோடு முன்பே அமைத்திருக்க வேண்டும். வெளியேறும் நைட்ரேட் நீர் வாழைக்கும் கறிவேப்பிலைக்கும் மிக நல்லது.

18. செடி நன்றாக இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. ஏன்?

இருட்டில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கின்றன. அடர்ந்த தொட்டியில் விடியுமுன் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். மீன்கள் மேலே வருவது விடியற்காலையில் என்றால் இதுவே காரணம். விளக்கு எரியும் பிற்பகலில் வந்தால் வாயு மிகுந்துவிட்டது என்று பொருள். டிராப் செக்கர் மெதுவாகவே நிறம் மாறும் என்பதால், பச்சையாக இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம். மீனின் மூச்சே முதல் அளவுகோல். இரவில் ஏற்றுக்குழாய் நீர்ப்பரப்பைக் கலக்கும்படி திருப்பிவிடுங்கள். மின்வெட்டுக்குச் சுற்று மோட்டாரை இன்வெர்ட்டரில் இணையுங்கள், விளக்குக்கு அவசியமில்லை.

19. அம்மோனியா லிட்டருக்கு 1 மி.கி. காட்டுகிறது. மீன்கள் நன்றாக இருக்கின்றன. சோதனைப் பெட்டி கெட்டுவிட்டதா?

பெட்டி சரியாக இருக்கலாம். சோதனை காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் மீனைக் கொல்வது அயனியாகாத பகுதி மட்டுமே; அந்தப் பங்கு பி.எச். ஏற ஏறக் கூடும். 25 டிகிரியில் பி.எச். 6.5 என்றால் அது ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவு, பி.எச். 8 ஆனால் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். அக்வா சாயிலும் கரியமில வாயுவும் உங்கள் தண்ணீரின் பி.எச். அளவைக் கீழே வைத்திருப்பதால்தான் மீன்கள் தப்பியிருக்கின்றன.

அம்மோனியாவைக் கண்டு பதறி, பி.எச். 8 உள்ள போர் தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றினால், மொத்த அம்மோனியா பாதியாகக் குறைந்தும் நச்சுப் பகுதி பல மடங்கு ஏறி, மீன்களுக்கு ஆபத்தாகலாம். இந்நிலையில் தீனியை நிறுத்தி, 7ஆம் கேள்வியில் சொன்ன ஆர்.ஓ. கலவையால் நாளுக்கு 100 அல்லது 150 லிட்டர் வீதம் மாற்றி, ஒவ்வொரு முறையும் அம்மோனியாவோடு பி.எச். அளவையும் சேர்த்துப் பாருங்கள். பி.எச். 7ஐத் தாண்டுவதாகத் தெரிந்தால் அன்றைய மாற்றத்தை அத்துடன் நிறுத்திவிட வேண்டும்.